திருப்பதிக்குப் போன எக்சர்சைஸ் சைக்கிள்

பூர்ணிமா ரெசிடென்சியில் அந்த வருடம் எல்லோரும் திருப்பதிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். ஒருவரும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியில் அது இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். பக்கத்து எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்தே சம்பாதித்தவர்கள், உட்கார்ந்தே தொப்பையும் சேர்த்தார்கள். டாக்டர் திட்டியதும் ஆளுக்கொரு எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கினார்கள். முதல் வாரம் மிதித்தார்கள். இரண்டாம் வாரம் டிவி பார்த்துக்கொண்டே மிதித்தார்கள். மூன்றாம் வாரம் டிவி மட்டும் பார்த்தார்கள். நான்காம் வாரத்திலிருந்து சைக்கிளில் ஈரத்துண்டு காய்ந்தது.

அந்த நல்ல நேரத்தில்தான் சக்ரானந்த சுவாமிகள் வந்து இறங்கினார். பழைய பெயர் ஸ்ரீகண்டன். பழைய தொழில், வீடு வீடாக வாட்டர் ஃபில்டர் விற்பது. வியாபாரம் படுத்ததும் ஞானம் எழுந்துவிட்டது.

"சைக்கிள் மேல தப்பில்ல. ஒரே இடத்துல சுத்துறோமே, எங்கயும் போய்ச் சேரலியேன்னு ஆத்மா அழுவுது. அதத்தான் நீங்க போரடிக்குதுங்கறீங்க" என்றார் சாமி. கூட்டம் உருகிப்போனது. தங்கள் சோம்பலுக்கு இவ்வளவு மரியாதையான ஒரு பெயர் கிடைக்கும் என்று யார்தான் எதிர்பார்த்தார்கள்?

பரிகாரம் சுலபம். சைக்கிளை வடகிழக்கே திருப்ப வேண்டும். சக்கரத்தில் சாமி கொடுக்கும் செப்புத் தகட்டு யந்திரத்தை வைக்க வேண்டும். மீட்டரில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடினால் திருப்பதிக்கு யாத்திரை போன பலன். யந்திரம் பசையில்லாமலே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. அது முதல் அற்புதம். அதை வைத்ததும் மீட்டர் இரண்டு மடங்கு ஓடியது. அது இரண்டாவது அற்புதம்.

"நீ ஒரு மிதி மிதிச்சா, பெருமாள் கூட ஒரு மிதி மிதிக்கிறார்" என்றார் சாமி. ஏழு மலைக்குச் சொந்தக்காரருக்கு வேறு வேலையே இல்லை, பாருங்கள்!

அதற்குப் பிறகு லிப்டில் வணக்கம் சொல்கிற வழக்கம் ஒழிந்தது. மீட்டர் கணக்கில் எந்த ஊர் வந்தது என்பதுதான் விசாரிப்பு. "கோலார் தாண்டிட்டீங்களா?" "முல்பாகல்ல நிக்கிறேன் மேடம், நேத்து வீட்டுக்கு கெஸ்ட்டு வந்துட்டாங்க." மூன்றாம் மாடி வித்யாலட்சுமி சித்தூர் வந்த அன்று புடவை மாற்றிக்கொண்டு மிதித்தாள்.

இரண்டாம் மாடி வனஜாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் கணவன் உத்தமன் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கவே மாதச் சம்பளம் வாங்குகிறவன். ஆபீசில் எதையும் நம்பமாட்டான். அந்தச் சந்தேகத்தையெல்லாம் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான்.

அவனுக்குச் சர்க்கரை. தினம் அரை மணி மிதி, மாத்திரையை விடாதே என்பது டாக்டர் சொன்னது. கால் மணி போதும், மீட்டர் அரை மணிக்குக் காட்டுகிறதே என்பது சாமி சொன்னது. "யாத்திரைல இருக்கறவனுக்கு மாத்திரை எதுக்கு?" என்றும் சாமி சொன்னார். மாத்திரை டப்பா அலமாரியில் தூங்கியது. ஆறு வாரத்தில் ரத்தச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது.

"என்னங்க, கால் விரலு மரத்துப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? காலே போயிடும்ங்க!"

"போன காலைத்தான் பெருமாள் திருப்பித் தர்றாரு. இன்னும் நாலே கிலோமீட்டர் வனஜா, சும்மா இரு."

அன்று ராத்திரி முழுக்க வனஜா அழுதாள். காலையில் எழுந்து, அழுது பயனில்லை என்று சைக்கிளைத் துடைத்தாள். அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்கு கழன்று விழுந்தது. தரையில் விழவில்லை. துள்ளிப்போய் யந்திரத்தில் ஒட்டிக்கொண்டது.

வனஜா வேலை செய்வது இந்த மாதிரி மீட்டர் தயாரிக்கிற கம்பெனியில். சக்கரத்தில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். அது சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் மீட்டர் ஒன்று என்று எண்ணும் என்பது அவளுக்கு மனப்பாடம். செப்பில் ஊக்கு ஒட்டாது என்பதும் தெரியும். ஊக்கைப் பார்த்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கீழே ஹாலில் விழா. குடியிருப்பிலேயே முதலாவதாகத் திருப்பதி சேரப்போகிற பக்தர் உத்தமன். நடு ஹாலில் அவன் சைக்கிள், மாலை போட்டு நின்றது. தட்டு நிறைய லட்டு. சர்க்கரை நோயாளிக்குப் பிரசாதம்! சாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஊரையே மிதிக்கச் சொன்னவர் தெருமுனையிலிருந்து வரக்கூட ஒரு மிதி மிதிக்கவில்லை.

"சாமி, அற்புதத்த எல்லாரும் கண்ணால பாக்கட்டும். நூறு மிதி நான் மிதிக்கிறேன்" என்றாள் வனஜா. சாமி பெருமிதத்தோடு தலையசைத்தார்.

யந்திரத்தை எடுத்துவிட்டு மிதித்தாள். கூட்டமே சத்தமாக எண்ணியது. நூறு மிதிக்கு மீட்டர் அரை கிலோமீட்டர் காட்டியது. யந்திரத்தை வைத்து மறுபடி நூறு. ஒரு கிலோமீட்டர்! "கோவிந்தா!" என்று ஹால் அதிர்ந்தது.

வனஜா யந்திரத்தைப் பிடுங்கினாள். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் மாம்பழத்தை எடுத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்த மாம்பழம். சக்கரத்தில் ஒட்டி நூறு மிதித்தாள். மீட்டர் ஒரு கிலோமீட்டர் காட்டியது.

இந்த முறை கோவிந்தா வரவில்லை. பக்கத்தில் ஒரு காந்த வாழைப்பழத்தையும் ஒட்டி இன்னொரு நூறு மிதித்தாள். ஒன்றரை கிலோமீட்டர்.

"ஏனம்மா இது? என்னம்மா இது?" என்று கன்னடத்திலும் தமிழிலும் வாயைப் பிளந்தார் அசோசியேஷன் செக்ரட்டரி கோவிந்தப்பா.

"காந்தம் சார். ஒண்ணு கூடுனா மீட்டர் ஒண்ணு கூட எண்ணும். மிதிச்ச கால் அதே நூறு தடவதான் மிதிச்சுது. மீட்டர ஏமாத்தலாம், ரத்தத்த ஏமாத்த முடியுமா?" உத்தமனின் ரத்தப் பரிசோதனைத் தாளை லட்டுத் தட்டின் மேல் போட்டாள்.

"அது... அம்மாவோட பக்தி..." என்று இழுத்தார் சாமி.

"மாம்பழத்துக்கு ஏது சாமி பக்தி?"

கோவிந்தப்பா யந்திரத்தின் செப்பைச் சாவியால் நெம்பினார். உள்ளே கறுப்பாக ஒரு காந்த வில்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. சாமி வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியது அன்றுதான். உடற்பயிற்சியால் பலன் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

கூட்டம் வெட்கப்பட்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வித்யாலட்சுமி மெல்ல வனஜாவிடம் வந்தாள். "வனஜாக்கா, நா இன்னும் எட்டு கிலோமீட்டர்தான். அந்த மாம்பழத்த ஒரே ஒரு நாள் தருவீங்களா?" அதற்குள் யாரோ மாம்பழத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

வனஜா மாம்பழத்தையும் கணவனையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினாள். மாத்திரையை விழுங்க வைத்தாள். வெறும் சக்கரத்தோடு சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்தாள்.

பத்து நிமிடத்தில் உத்தமன் முனகினான். "போரடிக்குது வனஜா. மிதிச்சுக்கிட்டே நா என்னதான் பண்றது?"

"யோசிங்க" என்றாள் வனஜா. "பழக்கமில்லாத வேல. மொதல்ல கொஞ்சம் மூச்சு வாங்கும்."