அண்ணையைக் கொன்ற படப்பெட்டி

2013 பெப்ரவரி 9, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். கிணற்றில் எட்டு வாளி. கோழிகளைத் திறந்துவிட்டேன். 6.20க்குத் தேத்தண்ணி, சீனி குறைவு. இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அன்று பின்னேரம் என் சொந்த அண்ணையைக் கொன்றதை மட்டும் எழுதவில்லை.

இடம்பெயர்ந்து திரிந்து, மன்னார்க் கரையில் எங்கள் ஊரான அரிப்புக்குத் திரும்பி மூன்றாவது வருடம். வீட்டுத்திட்ட வீடு. விறாந்தைக்கு ஒரேயொரு பிளக். அதில், சுவர் மாடத்தில் இருக்கும் திருவிருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சிவப்பு பல்ப் எரியும். ரொறொன்ரோவிலிருந்து அண்ணை ஒரு படப்பெட்டி அனுப்பினார். பள்ளிக் கொப்பி அளவுத் திரை. அவர் அங்கிருந்து இணையத்தில் படம் போட்டால், இங்கே தானாக வந்து நிற்கும். பிளக்கும் சிக்னலும் அந்த மாடத்தருகில் மட்டுமே கிடைத்ததால், பெட்டியும் ஆண்டவருக்குக் கீழேயே குடியேறியது.

ஊரே வந்து பார்த்தது. பனி, கார், அண்ணையின் திறந்த ஃபிரிட்ஜ் என்று படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். செபமாலைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா, 'அருள்நிறைந்த மரியே'க்கு நடுவில், “ஐயோ, எத்தினை முட்டை வச்சிருக்கிறான்!” என்றார். எத்தனையாவது மணியில் நின்றோம் என்று ஒருவருக்கும் தெரியாமல், முதலிலிருந்து தொடங்கினோம்.

இந்தப் புகழ் பத்து மாதம். பிறகு பெட்டிக்குப் படம் அனுப்பும் சேவையையே மூடிவிட்டார்கள். அந்தச் சனிக்கு முந்திய வியாழக்கிழமை வந்த கடைசிப் படத்தோடு திரை உறைந்தது: கறுப்புக் கோட்டில் அண்ணை, சிரிப்பில்லாமல்.

சனி நாலு மணிக்கு அடம்பன் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தங்கச்சி யசிந்தாவைப் பேசி முடிக்க வருகிறார்கள். அவளுக்கு முப்பத்து நாலு. இரண்டு சம்பந்தங்களை இடப்பெயர்வு தின்றுவிட்டது. புதன்கிழமை தவக்காலம் தொடங்கினால் ஒருவரும் நல்ல காரியம் பேசமாட்டார்கள். மாப்பிள்ளையும் பதினைந்து நாளில் கட்டாருக்குத் திரும்பிவிடுவார். இன்று விட்டால் விட்டதுதான்.

தாய் தகப்பன் இல்லாத வீடு. மூத்தவர் சபையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள்ளாவது இருக்கட்டும் என்று மூன்று மணிக்குத் திரையைத் துடைத்து மல்லிகை மாலை போட்டேன். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று அடிமட்டத்தால் அளந்தேன். (இந்த மூளைக்குத்தான் கந்தோரில் பதவி உயர்வு தந்திருந்தார்கள்.) பிறகு சோடா வாங்கச் சந்திக்குப் போனேன்.

அந்த நேரம் பிலோமினா அக்கா கதிரைகள் கொண்டுவந்திருக்கிறார். யசிந்தா அறைக்குள் சேலை உடுத்திக்கொண்டிருந்தாள். மாலை, சிவப்பு விளக்கு, இரண்டு நாளாக அசையாத முகம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நேரே கோயிலுக்கு ஓடினார்.

திரும்பும் வழியில் துக்க மணி கேட்டது. “ஆரோ பாவம்” என்று சிலுவை போட்டுக்கொண்டேன். எங்கள் படலை வாசலில் ஏழு பெண்கள்.

“உன்ர கொண்ணை போயிட்டானே, தம்பி! எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாம மாலை போட்டிட்டியே!” என்று பிலோமினா அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார்.

மாலை போட்டவன் நான். ஆனாலும் ஏழு பேர் அழுதால் செய்தி உண்மையாகத்தான் இருக்கும் என்று நானும் சோடாப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அப்போது அடம்பன் வாகனம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் இறங்கிப் பார்த்தார். “பிறகொரு நாள் வாறம்” என்று மெல்லச் சொல்லி, திரும்ப ஏறினார்.

பாதிக் கொசுவத்தோடு யசிந்தா பாய்ந்து வந்து வாகனத்துக்கு முன்னால் நின்றாள். கையில் போன், எல்லோருக்கும் கேட்கும் சத்தத்தில்.

“விடியப்புறம் அஞ்சரைக்கு ஏன்டி எழுப்பிறாய்?” என்றது அண்ணையின் குரல். பெண்கள் வீரிட்டார்கள்.

“நீங்கள் செத்துப்போனீங்களாம், அண்ணை. இந்த மாமாவோட ஒருக்காக் கதையுங்கோ.”

மாப்பிள்ளையின் தகப்பன் போனை இரண்டு கையாலும் வாங்கினார். “தம்பி, இருக்கிறீரோ?”

“ஓம் ஐயா, இருக்கிறன்.”

“அப்ப உள்ள போய்க் கதைப்பம்.”

அன்றே பேசி முடிந்தது. “அழுத களைக்கு எனக்கொரு சோடா தா” என்று பிலோமினா அக்கா இரண்டு குடித்தார். இன்று யசிந்தாவின் பிள்ளைகள்கூட அண்ணை போன் எடுத்தால் ஹலோ சொல்வதில்லை. “மாமா, இருக்கிறீரோ?” என்றுதான் கேட்பார்கள்.

மறுநாள் ஞாயிறு, காலை 5.05. முதல் வேலையாக மாலையைக் கழற்றி, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணையின் முகம் பட்டென்று அணைந்தது. உடனே ரொறொன்ரோவுக்குப் போன் எடுத்து, இருக்கிறார் என்று உறுதிப்படுத்திய பிறகுதான் கிணற்றடிக்குப் போனேன்.