தையல் போட்ட ஆறு தட்டுகள்

எங்கள் கெர்மான் நகரில் சீனத்துத் தட்டு இல்லாமல் எந்தப் பெண்ணும் புகுந்த வீட்டுக்குப் போக முடியாது என்று ஆனபோது, ஆளுநர் மாளிகையார் குடிமக்களின் நலன் கருதி ஓர் அலுவலகம் திறந்தார்கள். ‘இது அசல் சீனம்’ என்று அங்கே முத்திரை வைத்துத் தருவார்கள். அதிகாரி மீர்சா தகீ. சீனத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய மெத்தை அந்தத் திசை நோக்கித்தான் போடப்பட்டிருந்தது.

குயவர் சிராஜின் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். முத்திரை வைத்த ஆறு தட்டு வராவிட்டால் பெண்ணும் வர வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள். சிராஜ் வெள்ளை மண் குழைத்து, நீல நாரையும் மேகமும் வரைந்து, அடியில் சீன எழுத்து மாதிரி நாலு கோடும் இழுத்து, ஆறு தட்டு சுட்டெடுத்தார். மனைவி பானு அவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டு அவரோடு போனாள்.

மீர்சா தகீ திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையல் எங்கேய்யா?”

“தட்டு உடையலையேங்க!”

“மாட்டிக்கிட்டியா! உள்ளூர்த் தட்டு உடைஞ்சா தூக்கிப் போட்டுடுவோம். சீனத்துத் தட்டைத்தான் துளை போட்டு, கம்பி கோத்துத் தைப்போம். ஆக, தையல் இருந்தா சீனம், இல்லேன்னா உள்ளூர்.”

“புதுசா வந்த சீனத் தட்டுன்னா?”

“புதுசுன்னா அது சீனத்துதுன்னு எப்படித் தெரியும்?”

பானு ஆறையும் வாசல் கல்லில் போட்டு உடைத்தாள்.

“இப்போ?”

“இப்போ உடைஞ்ச உள்ளூர்த் தட்டு. வெளியே என் மச்சான் கம்பியோட உக்காந்திருக்கான். அவன் தைச்சுட்டா சீனம்.”

முத்திரை விழுந்தது.

கல்யாண விருந்தில், ஒரு தட்டில் மட்டும் பதினாலு தையல் எண்ணி மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போனாள். மாதுளைக் குழம்பு தையல் வழியாகக் கசிந்து பெரியவர்களின் பட்டு அங்கியில் இறங்கியது.

“ஒழுகுது பாத்தீங்களா? அசல்!” என்றாள். “நீங்களும் இருக்கீங்களே சம்பந்தி, களிமண்ணைப் பிசைஞ்சுக்கிட்டு! இந்த மாதிரி ஒண்ணு செய்ய வருமா?”

“எனக்கெங்கே சம்பந்தியம்மா அந்தக் கைராசி!” என்றார் சிராஜ். பானு சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆளுநருக்குச் சீனத்திலிருந்தே நாற்பது தட்டு ஒட்டகத்தில் வந்து இறங்கின. ஒன்றிலும் தையல் இல்லை. மீர்சா தகீ கடமை தவறாதவர். நாற்பதையும் முறைப்படி உடைத்து, தைத்து, முத்திரையிட்டு அனுப்பினார். ஆளுநர் மகிழ்ந்து அவருக்கு மரியாதை அங்கி போர்த்தினார்.

இப்போது முழுத் தட்டு வைத்திருக்கும் வீட்டில் யாரும் சம்பந்தம் பேசுவதில்லை. நாங்களும் இளையவனுக்குப் பெண் பார்க்கிறோம். இறைவன் மன்னிக்கட்டும், காலைத் தொழுகை முடிந்த கையோடு நானும் நாலு தட்டைப் போட்டு உடைத்து, மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்து அலுவலக வாசல் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்பவர், ஆடம்பரம் கூடாதென்று பள்ளிவாசலில் போதிக்கும் பெரியவர். அவர் மூட்டை என்னுடையதைவிடப் பெரிது.