முயல் வீட்டுக் கல்யாண டிஸ்க்

ஒரு காட்டில், அது எந்தக் காடாக இருந்தால் என்ன, மச்சான்மார் கோபித்துக்கொள்கிற ஏதோ ஒரு காட்டில், துரைக்கண்ணு என்ற முயலும் அதன் மனைவி செவந்தியும் வாழ்ந்து வந்தன. அவற்றுக்கு ஒரு பெண் குட்டி. குட்டியின் காதோ முழ நீளம். ஆனால் அந்தக் காதில் ஒரு தோடு ஏறவில்லை.

காரணம், தாய்மாமன். காது குத்த வேண்டுமென்றால் குட்டியைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். செவந்தியின் அண்ணன் ராக்கப்பனோ கல்யாணத்தன்று முறைத்துக்கொண்டு போனதுதான், அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சபையில் தனக்குத் துண்டு போட்டு மரியாதை செய்யவில்லை என்பது அதன் வழக்கு.

“என் கையாலதான் போட்டேன்னு மச்சான்கிட்டச் சொல்லு” என்று துரைக்கண்ணு ஆள் அனுப்பியது.

“வீடியோவுல காட்டச் சொல்லு. காட்டுனா அந்த நிமிஷமே சீர்த்தட்டோட வாரேன்” என்று பதில் வந்தது.

செவந்திக்கு அண்ணன் என்றால் உயிர். அண்ணன் இல்லாமல் காதுகுத்து இல்லை என்று அழுது, பெட்டிக்கு அடியிலிருந்து கல்யாண டிஸ்க்கை எடுத்து வந்தது. சிங்கத்தின் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் டிஸ்க்கைத் தள்ளின. லேப்டாப் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு, ‘டிஸ்க்கைச் செருகவும்’ என்று திரையில் காட்டியது.

“செருகித்தானே இருக்கு!” என்று துரைக்கண்ணு கத்தியது. லேப்டாப் அசரவில்லை. பணிவாக மறுபடியும் அதையே கேட்டது.

செய்தி பரவியது. கைவசம் வைத்தியம் இல்லாத மிருகம் அந்தக் காட்டில் ஏது? ஆமை, அணைத்துவிட்டுப் போடச் சொன்னது. கரடி டிஸ்க்கை வாங்கித் தன் வயிற்றில் தேய்த்துத் துடைத்ததில் புதிதாக நாலு கீறல் விழுந்தது. மயில் பற்பசை தடவச் சொன்னது. யானை, தூசிதான் காரணம் என்று துவாரத்தில் ஒரு ஊது ஊதியது. கழன்று பறந்த பொத்தான்களைப் புதருக்குள் தேடவே அரைநாள் போனது.

கல்யாணத்தில் வீடியோ எடுத்த கொக்கு ராக்கப்பனின் ஊர்க்காரன். அது தன்னிடம் இருந்த நகலை ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பியது. செருகின. ‘அடையாளம் தெரியாத சாதனம்’ என்றது லேப்டாப்.

இது ராக்கப்பன் காதுக்குப் போகாமல் இருக்குமா? “எங்க ஊர்லருந்து போனத அடையாளம் தெரியலையாம்ல? அந்த வீட்டு லேப்டாப்புக்குக்கூட எவ்வளவு திமிரு பாரு!” என்று குதித்தது.

கடைசியில் குரங்கு மெக்கானிக் வந்தது. திருகாணிகளைக் கழற்றி, உள்ளே பார்த்து, மூடியது. மூடிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அது வழக்கம்தான்.

“சாமான்ல பழுது ஒண்ணுமில்லண்ணே. வெளியிலருந்து யாரு எதைக் கொண்டாந்தாலும் படிக்கக் கூடாதுன்னு சிங்கம் ஆபீசுல பூட்டி வச்சிருக்காக.”

“அது எதுக்கு?”

“படிச்சுட்டா அப்புறம் பதில் சொல்லணும்ல!”

குரங்கு பூட்டைத் திறந்தது. டிஸ்க் ஓடியது. துரைக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானை மட்டும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் தன் பக்கம் நியாயம் இருக்கிற மாப்பிள்ளை எவன் அதை ஆளில்லாத இடத்தில் வீணாக்குவான்? சொந்தபந்தம் மொத்தத்தையும் வரச்சொல்லி, ராக்கப்பனை முன்வரிசையில் உட்கார வைத்தது.

வீடியோவில், சபை நடுவே, துரைக்கண்ணு ராக்கப்பனின் தோளில் துண்டு போட்டது. ராக்கப்பன் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது. போதாதென்று கொக்கு அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு, மேலே ரோஜாப்பூ வேறு தூவியிருந்தது.

“பாத்தீங்களா மச்சான்?” என்று துரைக்கண்ணு மறுபடி ஒருமுறை ஓடவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ராக்கப்பன் எழுந்தது. “ஊரைக் கூட்டி என்னையப் பொய்யனாக்கிட்டீகல்ல? இனிமே இந்தப் புதர்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்.”

அதோடு போயிற்றா? தான் ஆடியதைக் கொக்கு வெட்டிவிட்டது என்று மயில் கோபித்துக்கொண்டு போனது. பந்தியில் பாயச வாளி தன் இலையைத் தாண்டிப் போனதைக் கரடி இப்போதுதான் பார்த்தது. சாப்பிட்டபோது இல்லாத அவமானம் அதற்கு இப்போது வந்துவிட்டது.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க. எனக்கு அண்ணன் போச்சு” என்றது செவந்தி. துரைக்கண்ணு அப்போதுதான் லேப்டாப்பை மூடியது.

மறுநாள் விடிந்ததும் செவந்தி அண்ணன் வளைக்குப் போனது.

“அண்ணே, அந்த வீடியோ பொய்யி. குரங்குப்பய கம்ப்யூட்டர்ல ஒட்டு வேலை பாத்திருக்கான். உனக்கு யாரும் துண்டு போடல. நான்தான் பக்கத்துலயே நின்னேனே!”

ராக்கப்பனின் காதுகள் மெல்ல நிமிர்ந்தன. “நான் அப்பவே சொன்னேன்ல தாயி?”

தங்கச்சி பொய் சொல்கிறது என்று அதற்குத் தெரியும். தெரியும் என்பது தங்கச்சிக்கும் தெரியும். இரண்டும் கட்டிக்கொண்டு அழுதன.

“ஆனா மாப்பிள்ளை அதைச் சபையில, வாயைத் திறந்து சொல்லணும்” என்றது அண்ணன்.

காதுகுத்து அன்று துரைக்கண்ணு எழுந்து நின்றது. “மச்சானுக்கு நான் துண்டு போடல. தப்புத்தான்.”

வீடியோவை இரண்டு தடவை பார்த்த சொந்தபந்தங்கள் எல்லாம், “நாங்களுந்தான் பாத்தமே, எங்க போட்டாரு?” என்று ஒரே குரலில் சொல்லின. குரங்குக்கு மட்டும் இலை போடவில்லை. ஒட்டு வேலை பார்க்கிற பேர்வழியை எப்படிப் பந்தியில் உட்கார வைப்பது? மாமன் மடியில் குட்டி வீறிட்டது. அதைவிடச் சத்தமாக மாமன் அழுதது.

நீதி: சொந்தபந்தம் நிலைக்க வேண்டுமென்றால், எதைச் செருகினாலும் படிக்காத லேப்டாப்பையே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத்தனமாகச் சரிசெய்துவிட்டால், சரிசெய்தவனைப் பித்தலாட்டக்காரன் என்று சொல்லிவிட்டுப் பந்தியை ஆரம்பியுங்கள்.