நூன் மார்க் சீவுளி

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவும் முடிந்து சோறும் முடிந்த நேரம்.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய சம்மாந்துறை அச்சிமுகம்மது மாமா அவர்களுக்கு, உங்கள் ராத்தாவின் மகன் ஜெமீல் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டுக்காரி ஸுல்பிகாவும் சுகம், கூரை மட்டும் சுகமில்லை. அங்கு உங்கள் காதைத் தவிர மற்றதெல்லாம் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்களுக்குக் கேட்கும்படி போனில் ஓர் இரகசியத்தைச் சொன்னால் பக்கத்து ஊர் நற்பிட்டிமுனையில் இருப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லுவார்கள். ஆகவே கடிதம், அதுவும் தபாலில் அல்ல, இன்று பின்னேரமே ஆள் வசம். இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகும் உங்கள் மகள் ஸுஹைறாவுக்கு ஒரு வேண்டுகோள்: சிரிப்பு வந்தால் கடிதத்தை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வா மச்சி. மாமா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாய் என்று நினைப்பார்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எருமை மாட்டின் பின்தொடையில் இருக்க வேண்டிய ஒன்றை நான் மூன்று மாதமாக என் வீட்டு அலுமாரியின் மேல் வைத்து, தொழுகைக்குப்போல் கைகால் கழுவி வுளூச் செய்துவிட்டுத் தொட்டுத் தூசு தட்டிவந்தேன். எப்படி என்று கேட்பீர்கள். மாரி மழைக்கு ஸ்டோர் அறை ஒழுகியதில் மௌத்தாய்ப்போன வாப்பாவின் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டேன். பல்லுப்போன வாள் ஒன்று, திரியில்லாத லாம்பு ஒன்று, யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு இரண்டு, அதுவும் இரண்டும் இடதுகால். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு முழ நீளத்தில், கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் மரச் சீவுளி ஒன்று. அலகில் இருந்த எழுத்தைத் துரு தின்றுவிட்டது. ஆனால் மரத்தின் பக்கவாட்டில் ஒரு மார்க் சுடப்பட்டிருந்தது: மல்லாந்து கிடக்கும் பிறை, அதன் மேல் ஒரு பொட்டு. இது ஏதோ பழைய கம்பனியின் மார்க் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கு உடனே விளங்குகிற விஷயங்களைப் பற்றி ஸுல்பிகாவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுதவில்லை.

இங்கிலிஷ் மாஸ்டர் ஒருவரிடம் காட்டினேன். அது யூ என்றும், மேலே இருப்பது இலையான் மொய்த்துவிட்ட எச்சம் என்றும் சொன்னார். ஒலுவில் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர், தாழ்ந்துகொண்டிருக்கும் தோணி என்றார். பிறகு பள்ளி மௌலவியிடம் போனேன். அவர் நிதானமான மனிசன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டு, "எழுத்தெண்டா நூன் மாதிரித்தான் கிடக்கு. ஆனா எழுத்தெண்டுதான் நான் செல்லல்ல" என்றார். அதில் முதல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். "அறபு எழுத்தெண்டா கீழ வெக்கேலா" என்று ஸுல்பிகா தன் கலியாணத்துக் கோப்பை செட்டை அலுமாரியின் மேலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் சீவுளியை ஏற்றினாள்.

அதோடு விட்டிருந்தால் மானம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். நான் படமெடுத்து, முகநூலில் பழைய தச்சு ஆயுதங்கள் சேர்க்கிறவர்களின் குழு ஒன்றில் போட்டேன். ஜேர்மனியில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் பதில் எழுதினார். அவரிடம் பன்னிரண்டாயிரம் கம்பனி மார்க்குகள் உள்ள புத்தகம் இருக்கிறதாம், அதில் இது இல்லையாம், உலகத்தில் இதுவரை ஒருவருக்கும் தெரியாத மார்க்காம். உங்கள் பெயரோடு பட்டியலில் சேர்க்கிறேன், கம்பனியின் ஊரையும் காலத்தையும் கண்டுபிடித்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். மாமா, காணிக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் கோப்புக் கட்டின ஒருவனைப் பார்த்து உலகத்தில் ஒருவருக்கும் தெரியாததை நீ கண்டுபிடித்தாய் என்று சொன்னால் அவன் என்னாவான். நான் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்து, நூன் கம்பனி பஸ்றாவில் இருந்ததென்றும், அவர்களுடைய சீவுளி மரக்கலத்தில் இங்கே வந்ததென்றும், சுல்தான்மாரின் கதவெல்லாம் இதனால்தான் சீவப்பட்டதென்றும் பகிடிக்கு எடுத்துவிட்டேன். பகிடிக்குத்தான். மூன்றாம் நாள் ஆணி வாங்க அபுல் ஹஸனின் ஹாட்வெயார் கடைக்குப் போகிறேன், அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெமீல் காக்கா, பஸ்றாவில நூன் கம்பனி எண்டு ஒண்டு இருந்திருக்கி, தெரியுமா?"

"யாரு சென்ன?"

"ஊரே செல்லுது. ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியா."

"இப்பயும் இருக்காமா?"

"இல்ல, மூடிட்டாங்க. முதலாளிட மகன்மாருக்குள்ள கொழுவல்."

மகன்மாரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் பொய்க்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் சண்டை பிடிக்கும் வயதுக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் வெட்கத்தை ஏன் மறைப்பான், அபுல் ஹஸன் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்து, அன்றைக்கே ஜேர்மனிக்கு எழுதிவிட்டேன், மகன்மாரையும் சேர்த்து.

போன செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறைப் பக்கம் வந்தேன். (உங்கள் வீட்டுக்கு வராமல் போனதற்கு வேறொரு நாள் ஏசுங்கள்.) வயல் வட்டை வீதியில் எருமைப் பட்டி ஒன்று குறுக்கே வந்தது. நிறுத்தினேன். முதலாவது எருமை போனது, அதன் பின்தொடையில் நூன். இரண்டாவதன் பின்தொடையில் நூன். கன்றுக்குட்டியில் சின்ன நூன். பஸ்றாவில் மூடிய கம்பனி முழுவதும் என் கண்முன்னே வாலை ஆட்டிக்கொண்டு, சாணியும் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்தது. பின்னால் கம்போடு வந்தவரைப் பிடித்தேன். குணம் என்று பெயர் சொன்னார்.

"இது என்ன மார்க்?"

"மார்க்கா? குறி ஐயா. பிறையும் பொட்டும். அச்சிமுகம்மது போடியார்ர பட்டி இது."

"அவர் என்ட மாமா."

குணம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மருமகனுக்கு மாமாட குறி தெரியாதா?"

"நான் அவர்ர தயிரத்தான் கண்டிரிக்கன்."

"போடியார் மாட்டுக்கு மட்டுமா சுட்டவர்? களவு போயிரும் எண்டு கலப்பை, கட்டில், வாங்கு, கையில ஆப்பிட்ட மரமெல்லாத்திலயும் சுட்டு வெச்சிரிக்கார்."

மாமா, இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. முப்பது வருடத்துக்கு முன் உங்கள் புது வீட்டுக்குக் கதவும் யன்னலும் செய்தவர் எங்கள் ஊர் பெனடிக் ஓடாவி. அவர் வேலை முடித்துப் போன அதே கிழமையில், நீங்கள் ஏலத்தில் எடுத்து வைத்திருந்த சீவுளியைக் காணவில்லை. பெனடிக்தான் எடுத்தான் என்று நீங்கள் சொன்னீர்கள், பொலிசுக்குப் போகவில்லை, சந்தைக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு சம்மாந்துறையில் அவருக்கு ஒரு யன்னல் வேலைகூடக் கிடைக்கவில்லை. 'சீவுளி பெனடிக்' என்று பெயரும் விழுந்தது. இப்போதுள்ள பொடியன்மார் அது அவருடைய கைத்திறமைக்குக் கிடைத்த பட்டம் என்று நினைக்கிறார்கள். அவர் அதற்கும் திரும்பிப் பார்க்கிறார்.

உங்கள் சீவுளி இத்தனை காலமும் எங்கள் ஸ்டோர் அறையில் இருந்திருக்கிறது. வாப்பாவை உங்களுக்குத் தெரியும், ஒரு சாமானை அவர் இரவல் வாங்கினால் அது பள்ளிக்கு வக்பு செய்த மாதிரி, திரும்ப எடுக்கேலாது. வீட்டுக்கு வந்து ஸுல்பிகாவிடம் சொன்னேன்.

"அப்ப கள்ளன் ஒங்கட வாப்பாவா?"

"களவில்லகா. இரவல். குடுக்க மறந்த இரவல்."

"முப்பது வரிசம் மறந்தா அதுக்கு என்ன பேரு?"

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சீவுளியை இறக்கினாள். "எருமக் குறிக்கா என்ட கோப்பையெல்லாம் கீழ எறக்கின" என்று சொல்லிக்கொண்டே கோப்பைகளைத் திரும்ப அடுக்கினாள். ஒரு கோப்பைக்குக் காது இல்லை. அதுவும் என் கணக்கில்தான்.

விஷயம் இதுதான் மாமா. பெனடிக்குக்கு எழுபத்தாறு வயது. அவருடைய மகள் நிறோசா இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை மட்டக்களப்புக்குத் தன்னோடு கூட்டிப் போகிறாள். வீட்டையும் பூட்டப்போகிறார்கள், இனி இந்தப் பக்கம் வரமாட்டார். அவர் போகுமுன் நீங்கள் நாளைக்கு ஒருதரம் வந்து, அவருடைய வாசலில் நின்று, நாலு பேர் கேட்க "பெனடிக் எடுக்கல்ல" என்று சொல்ல வேண்டும். உங்களுக்குக் காது கேட்காததால் நீங்கள் எதைச் சொன்னாலும் நாற்பது பேருக்குக் கேட்கும், அது இந்த விஷயத்தில் நல்லது. கார் நான் அனுப்புகிறேன். ஏச்செல்லாம் எனக்கும், கபுறிலுள்ள வாப்பாவுக்கு மன்னிப்பும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜேர்மன்காரருக்கும் உண்மையை எழுதிவிட்டேன்: கம்பனி கண்டுபிடிக்கப்பட்டது, மகன்மாருக்குள் கொழுவல் இல்லை, தற்போதைய உற்பத்தி தயிர் மட்டும்.

மாமியின் முழங்காலுக்கும், உங்கள் வேளாண்மைக்கும், ஸுஹைறாவின் தொண்டைக்கும் அல்லாஹ் சுகத்தையும் ஆபியத்தையும் தரட்டும். உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நாளைக்கு மட்டுமாவது கொஞ்சம் இளகிய மனதையும் தரட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
ஜெமீல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பொறுக்க முடியாமல் சீவுளியைத் தூக்கிக்கொண்டு பெனடிக் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷச் செய்தியைச் சொல்லிவிட்டேன். அவர் அதை வாங்கி, அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது போடியார்ர இல்லையே. இது என்ட. ஒரு கதவு இறுகுது எண்டு உங்கட வாப்பா வாங்கிப் போனவர்" என்றார். அப்போ குறி எப்படி வந்தது என்று கேட்டேன். "அவர்ர குறி சுடுற கம்பிக்கு மரப்பிடி போட்டுக் குடுத்தது நான்தானே. பிடி ஆடுதா எண்டு பார்க்க, கிட்டக் கிடந்த மரத்தில சுட்டுப் பார்த்த." இதை அவர் வெளியே சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, கடிதத்தை அப்படியே அனுப்பலாம் என்று நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை விளங்காதவர்போல் பார்த்தார். "அவர்ர சீவுளி இதவிடச் சின்னன் தம்பி, நல்ல அலகு. பாவம், அவருக்கு இன்னும் அது கிடைக்கல்லையா?" என்று கேட்டார். ஆகவே மேலே நான் எழுதியதில் வாப்பா உங்கள் சாமானை எடுத்த பகுதியை அடித்துவிடவும். நீங்கள் வாசலில் நின்று சொல்ல வேண்டியது அப்படியேதான், நாளைக்குக் கார் வரும். பெனடிக் தன் தச்சுப் பெட்டியைத் திறந்து காட்டினார், இரண்டு உளிப்பிடியிலும் அதே பிறை அரைகுறையாக இருக்கிறது. முதல் இரண்டு தரமும் கம்பி சூடேறவில்லையாம்.