பூங்கா வாசலில் என் இடுப்பு

கே.கே. நகர், மதுரை
ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து

அன்புள்ள மாப்ள ராஜபாண்டிக்கு,

உன் மச்சான் முத்திருளன் எழுதுவது. வாடிப்பட்டியில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து பத்துத் தடவை அடித்தும் நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இன்றைக்கே வாடிப்பட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

நான் விழுந்த கதை உனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பார்க் நடைப்பயிற்சியாளர் சங்கத் தலைவர் தேர்தல். அதற்கென்று புது ஷூ வாங்கி, உன் அக்கா அப்போதுதான் துடைத்துவிட்ட ஹாலில் போட்டுப் பார்த்தேன். நாலு எட்டு வைத்தேன், அஞ்சாவது எட்டு தரைக்கு வரவில்லை. தொடை எலும்பின் கழுத்தில் முறிவாம். தொடைக்குக் கழுத்து இருக்கிறது என்பதே அறுபத்தேழு வயதில்தான் எனக்குத் தெரிகிறது, மாப்ள! முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். காது மரக்கவில்லையே! திரைக்கு அந்தப் பக்கம் டர்ர்ர் என்று டிரில் ஓடுகிறது, சுவரில் அலமாரி மாட்டும்போது கேட்குமே, அதே சத்தம். "என்னய்யா பண்றீக?" என்று அலறினேன். "ஒண்ணுமில்லய்யா, மொத்தம் மூணு ஸ்க்ரூ, ரெண்டு ஏறிருச்சு" என்கிறார் டாக்டர், சாவகாசமாக! அதையும் தாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையிலேயே பிசியோதெரபிப் பெண் ஆஷிகா வாக்கரை முன்னால் வைத்து, "எந்திரிங்க அய்யா, அந்தக் காலை மட்டும் ஊனாம நில்லுங்க" என்றாள். நேற்று முடுக்கியது இன்று கழன்று விழுந்தால் யார் பொறுப்பு? மூன்று நாளாகக் கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். இனி நடப்பேன் என்ற நம்பிக்கையே போய்விட்டது.

இது சங்கத்துக்குத் தெரியக் கூடாது. நடக்க முடியாதவனை நடைச் சங்கத்துக்கு எவன் தலைவராக்குவான்? எதிர்த்து நிற்கும் சுருளி தினமும் ஏழு சுற்று சுற்றுகிறவன். ரிட்டயரான பிறகு என்னைத் "தலைவரே" என்று கூப்பிட அந்தப் பதினாலு பேரை விட்டால் யார் இருக்கிறார்கள்? உன் அக்கா கூப்பிடப்போகிறாளா? அதனால் பெங்களூரில் மகள் பாண்டீஸ்வரி வீட்டில் இருப்பதாகப் புளுகி வைத்திருந்தேன்.

அதில் உன் மகன் அழகுபாண்டி மண்ணை அள்ளிப் போட்டான். என்னைப் பார்க்க வந்தவன் என் எக்ஸ்ரேயை செல்லில் படம் பிடித்தான். மாமன் மேல் பாசமாக்கும் என்று ஹார்லிக்ஸ் வேறு கொடுத்தேன். இன்று காலை உன் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏங்க, உங்க இடுப்பு பார்க்கு வாசல்ல நிக்குதுங்க!" என்றாள். பன்னிரண்டடி பிளக்ஸ், மாப்ள! ஒரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட நான். மறுபக்கம், அய்யய்யோ, மூணு ஸ்க்ரூவோடு என் இடுப்பெலும்பு! "இரும்பு மாமாவே, எழுந்து வருக! இவண்: வாடிப்பட்டி மருமக்கள்." ஓரத்தில் கும்பிட்டபடி உன் மகன். போனில் கேட்டால், "ஓட்டு அம்புட்டும் உங்களுக்குத்தான் மாமா, மாஸா இல்ல?" என்கிறான். எலும்பைக் காட்டி ஓட்டுக் கேட்டவன் இந்த மதுரையில் நான் ஒருத்தன்தான். இதைப் பார்த்ததும் புறப்பட்டு வா. சுருளி கண்ணில் படுவதற்குள் அதைக் கழற்று, உன் மகனை நாலு சாத்து சாத்து.

தங்கச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அழகர் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். அழகுபாண்டியை இதில் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
மானம் போன உன் மச்சான்,
முத்திருளன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சங்கத்தார் பதினாலு பேரும் வந்துவிட்டார்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சுருளி அதை விலக்கி, "பேனரைப் பாத்துட்டுத்தான் வாரோம்ணே. ரெண்டு வருசமா எனக்கும் இதே எடத்துல மூணு ஸ்க்ரூ கெடக்கு. சொன்னா நடக்க விடமாட்டீகன்னு வாயே தொறக்கல" என்று அழுதுவிட்டான். நானும் அழுதுவிட்டேன். மூணு ஸ்க்ரூவோடா ஏழு சுற்று! "வாக்கரைக் கொண்டாம்மா" என்றேன். ஆஷிகா பிடித்துக்கொள்ள, சுருளியை அறை வாசல் வரைக்கும் நானே போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். "தேர்தலே வேணாம்ணே, நீங்களே தலைவரா இருங்க" என்றும் சொல்லிவிட்டான். ஆகவே பேனரில் கை வைக்காதே, பிள்ளையையும் அடிக்காதே. சுருளி கையோடு கொண்டுவந்த தன் எக்ஸ்ரேயையும் அதில் போடச் சொல்கிறான், இத்துடன் வைத்திருக்கிறேன். என் இடுப்பைவிடக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்.