இருமத் தெரியாதவர்

எப்படியாவது தன் மனைவியைத் திருட வைத்துவிட வேண்டும் என்று பஸ் டிக்கெட் பரிசோதகர் முடிவு கட்டினார்.

அவர் பிழைப்பே திருட்டுப் பயணிகளைப் பிடிப்பதுதான். தூங்குகிற மாதிரி நடிப்பவன், ஜன்னல் வழியாக மேகத்தை ஆராய்பவன், எடுக்காத டிக்கெட்டைப் பை பையாகத் தேடுபவன், எல்லோரும் அவர் மீசையைக் கண்டதும் தானாக எழுந்து நின்றுவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே ஒரு திருடி இருந்தாள். கட்டிய மனைவி.

நகை நட்டு இல்லை. செடி. எங்கே போனாலும் ஒரு துண்டை விரல் நுனியில் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். கேட்டு வாங்கிய செடி பிழைக்காது, கேட்காமல் எடுத்ததுதான் தழைக்கும் என்பது அவள் சித்தாந்தம். பால்கனியில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குற்றப் பின்னணி உண்டு. வங்கி மேனேஜர் அறையின் மணிபிளாண்ட். பல் டாக்டர் வாசல் செம்பருத்தி. துக்கம் விசாரிக்கப் போன வீட்டின் நந்தியாவட்டை. போலீஸ் ஸ்டேஷன் முற்றத்துக் குரோட்டன்ஸ்கூட இருந்தது. பர்ஸைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போன இடத்தில் கிள்ளியது.

"திருட்டுப் புகார் குடுக்கப் போயி, அங்கேயே திருடிட்டு வந்திருக்கியே!"

"பர்ஸைக் கண்டுபிடிச்சாங்களா? இல்லையில்ல? சரியாப் போச்சு."

கூட்டுக் களவாணியும் ஒருத்தி உண்டு. மகள். தாய் கிள்ளுவாள், மகள் பக்கத்தில் நின்று இருமுவாள். அந்த இருமலில் ஏதோ சங்கேதம் இருக்கிறது என்ற அளவில் பரிசோதகருக்குத் தெரியும். என்ன சங்கேதம் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் நாமும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டி வருமே என்ற பயம்.

போன மழைக்காலத்தில் மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மாத்திரைக்குப் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காய்ச்சல் போகவில்லை. அவள்தான் போனாள்.

அதற்குப் பிறகு மனைவி எதையும் கிள்ளவில்லை. பால்கனிக் கதவையே திறக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், எதைக் கேட்டாலும் 'ம்' என்றாள். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவள் முதலில் அழட்டும், பிறகு நாம் அழுதுகொள்ளலாம் என்று பரிசோதகர் காத்திருந்தார். அவள் அழுகிற வழியாகக் காணோம். இவரும் பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவர் போல நின்றுகொண்டே இருந்தார்.

செடிகளையாவது காப்பாற்றுவோம் என்று, அவள் எழுந்திருக்கும் முன்னால் பூனைபோலப் பால்கனிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினார். பாசத்தோடு ஊற்றினார். வாளி வாளியாக ஊற்றினார். முதலில் போலீஸ் குரோட்டன்ஸ் அழுகியது. அடுத்து வங்கி மணிபிளாண்ட். கடைசியாக, சிவப்புத் தொட்டியில் மகள் தன் கையாலேயே கிள்ளி வந்து நட்டிருந்த கற்றாழை. பாலைவனத்திலும் பிழைக்கிற கற்றாழையைத் தண்ணீர் ஊற்றியே கொன்ற பெருமை உலகத்தில் அவருக்கு ஒருவருக்குத்தான் இருக்கும்.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மாடிப்படியில் மடக்கினார்.

"சார், உங்க வீட்டு மழை எங்க வீட்டுல பெய்யுது."

"செடிக்கு ஊத்தறேன்."

"செடி வளக்கறீங்களா, மீன் வளக்கறீங்களா?"

பரிசோதகர் முகத்தைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அக்காவை எங்கேயாவது வெளியில கூட்டிட்டுப் போங்க சார். கடலோரத்துல ஒரு தாவரத் தோட்டம் இருக்கு. உப்புக் காத்துலயும் மணல்லயும் வளர்ற செடியா வெச்சிருக்காங்க. அவங்களுக்குத்தான் செடின்னா உயிராச்சே."

அப்போதுதான் பரிசோதகர் மூளையில் விளக்கு எரிந்தது. தோட்டம் என்றால் செடி. செடி என்றால் கிள்ளல். ஒரே ஒரு தரம் அவள் கை பழையபடி நீண்டுவிட்டால் போதும், அவள் திரும்பி வந்துவிடுவாள். வாழ்நாள் முழுக்கத் 'திருடாதே, திருடாதே' என்று தலையில் அடித்துக்கொண்ட மனிதர், 'திருடித் தொலையேன்' என்று வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய கிள்ளல் துணியைத் தேடி எடுத்து, நனைத்துப் பிழிந்து, தன் பையில் வைத்தார்.

"அந்தத் துணி எதுக்கு?" என்றாள்.

"முகம் துடைக்க."

"ஈரத்துணியாலயா?"

"வெயில் அடிக்குதில்ல? போறதுக்குள்ள காஞ்சிடும்."

அவள் 'ம்' என்றாள். ஆனால் இந்த 'ம்' வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்ததோ என்று அவருக்குத் தோன்றியது. ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. வாசலில் புன்னை மரங்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவை போலப் பளபளவென்று இலைகளோடு நின்றன. பூவரசு மஞ்சளாய்ப் பூத்திருந்தது. நேற்றைய பூக்கள் சிவந்து வாடிக் கீழே கிடந்தன. மணல்மேட்டின் மேலே பலகைப் பாதை போட்டிருந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் தாழை. ஒரு காலில் நிற்க நம்பிக்கை இல்லாதது போல ஒவ்வொன்றும் பத்துக் கால்களை மணலில் ஊன்றியிருந்தது. அதற்கும் அப்பால் கடல், வேலை இல்லாத மாமனார் மாதிரி ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

எல்லா இலைகளும் தடித்தவை. உப்பைத் தாங்கித் தாங்கித் தோல் தடித்துப் போனவை. மனைவி ஓர் இலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். பரிசோதகர் மூச்சை அடக்கிக்கொண்டார். தடவினாள், விட்டுவிட்டாள்.

அவர் பெயர்ப்பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். "இதோ பாரு, இராவணன் மீசை!"

பந்து பந்தாக முள் வைத்த புல். காற்று அடித்ததும் ஒரு பந்து மணலில் உருண்டு ஓடியது. அவள் புல்லைப் பார்த்தாள். அவர் மீசையைப் பார்த்தாள்.

"இது தேவலை. நரைக்கலை."

ஒரு முழு வாக்கியம்! அவருக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

அடுத்து, ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக ஒரு கொடி. மணல் முழுக்கப் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருந்தது. "அடம்புன்னு போட்டிருக்கு. பேரைப் பார்த்தா உன் சொந்தக்காரி மாதிரி இருக்கே!"

அவள் குனிந்தாள். கொடியில் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருந்தது. அவள் வலது கை மெல்ல நீண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. அந்தப் பழைய, அழகான, அயோக்கியத்தனமான சேர்க்கை!

பரிசோதகர் நாலு பக்கமும் பார்த்தார். ஒரு ஈ, காக்கை இல்லை. காவலாளி தூரத்தில் தன் கூண்டுக்குள் இருந்தார். 'யாரும் இல்லை, தைரியமாக் கிள்ளு' என்று எப்படிச் சொல்வது? மகள் ஞாபகம் வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பலமாக, ஆசையோடு இருமினார்.

அவள் கை சுட்டதுபோல விலகியது. சட்டென்று நிமிர்ந்து கூந்தலைச் சரிசெய்தாள். இடமும் வலமும் பார்த்தாள்.

"யார் வர்றாங்க?"

"யாரும் வரலையே. அதான் இருமினேன்."

"ஆள் வந்தாத்தான் இருமணும்."

"அப்படியா? யாரும் இல்லேன்னா இருமுவாளாக்கும்னு நான்..."

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"அவ மாதிரி இருமாதீங்க," என்றாள் மெதுவாக. "இன்னொரு தரம் இருமாதீங்க."

பலகைப் பாதையின் ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்தார். நீண்ட கையை, கூடி வந்த நேரத்தில் இருமிக் கெடுத்தாயிற்று. எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஆள் வந்தால் இருமுவாளா வராவிட்டால் இருமுவாளா என்றுகூடத் தெரிந்துகொள்ளாத அப்பன். இனிமேல் கேட்கவும் ஆள் இல்லை.

கடல் முனகியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

குழாய் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு காவலாளியிடம் ஏதோ பேசினாள். நின்று, தலையசைத்து, நிறையப் பேசினாள்! பரிசோதகர் பெஞ்சைவிட்டு எழுந்தார். இத்தனை மாதத்தில் அவள் வெளியாளிடம் வாய் திறந்து அவர் பார்க்கவில்லை. இரும்பு சூடாக இருக்கிறது, இப்போதே அடித்துவிட வேண்டும். அவள் கிள்ளாவிட்டால் என்ன, நாமே கிள்ளி அவள் கையில் கொடுத்துவிடுவோம். திருட்டுச் செடியைக் கண்டால் அவளுக்கு மனசு தாங்குமா?

பாதையைவிட்டு மணலில் இறங்கினார். அடம்பங்கொடியில் ஒரு நுனியைப் பிடித்துக் கிள்ளினார். நார் மாதிரி வளைந்தது. இழுத்தார். அறுபடவில்லை, நீண்டது. இன்னும் இழுத்தார். கொடி சலிக்காமல் வந்துகொண்டே இருந்தது. பொடிமணலில் ஊன்றியிருந்த வேரெல்லாம் படபடவென்று கிளம்பின. முழங்கையில் ஒரு சுற்று, தோளில் ஒரு சுற்று. விடவும் மனமில்லை, அறுக்கவும் வழியில்லை. ஆத்திரத்தில் காலை ஊன்றி ஒரே இழுப்பு இழுத்தார். 'செடிகளைத் தொடாதீர்கள்' என்ற பலகை கொடியோடு பெயர்ந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

விசில் சத்தம் காதைப் பிளந்தது. காவலாளி ஓடிவந்தார். எங்கிருந்தோ கூட்டமும் முளைத்தது. பரிசோதகர், தான் பிடித்த பயணிகள் எப்படி நிற்பார்களோ அப்படியே நின்றார். மேகத்தைக்கூடப் பார்த்தார். பிடிபட்டவர்கள் ஏன் மேகத்தைப் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கீழே பார்த்தால் முகங்கள் இருக்கின்றன.

ஆனால் காவலாளி திட்டவில்லை. தோளில் இருந்த கொடியைப் பதமாகப் பிரித்து எடுத்தார். தன் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார வைத்தார்.

"பரவால்ல ஐயா. உட்காருங்க. அம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"பொண்ணு தவறிப் போச்சுன்னு. அதுலேர்ந்து நீங்க இப்படித்தான்னு."

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம். அவரிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம், குழாயடியில் நின்று சொல்லியிருக்கிறாள். பரிசோதகர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பேச்சில்லை. மீசை துடிக்க, தோள் குலுங்க, தெரியாத மனிதர்கள் நடுவில், சின்னப் பிள்ளைபோல ஓவென்று அழுதார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ விசிறினார்கள். பைக்குள் துழாவி ஈரத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது இன்னும் காயாமல்தான் இருந்தது.

மனைவி அவசரமே இல்லாமல் வந்தாள். கைப்பையின் ஜிப்பை மூடியபடியே வந்தாள். "எழுந்திருங்க, பஸ் போயிடும்," என்றாள்.

பஸ்ஸில் அவள் அவர் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள். தாழ்ப்பாள் கிரீச்சென்றது. அவளுக்குத் தெரியாமல் இத்தனை நாள் அதைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டிருந்ததாக ஒரு பெருமை அவருக்கு. அவள் சிவப்புத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அழுகல் சேற்றை அள்ளி எறிந்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

உள்ளே மூன்று அடம்பந்துண்டுகள். கணுவுக்கு மேலேயும் கீழேயும் அளந்தெடுத்த மாதிரிக் கிள்ளியவை. கைக்குட்டையில் ஈரமாகச் சுற்றியிருந்தன.

பரிசோதகர் வாயைப் பிளந்தார். "இது எப்போ?"

"எல்லாரும் உங்களைச் சுத்தி நின்னாங்களே, அப்போ."

"நான் கிள்ளுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில என் துணியை நனைச்சு எடுத்து வெச்சீங்களே. அதுக்குத்தான் காவல்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சேன். அந்த மீசைக்காரர் எதையாவது புடுங்குவார், ஒரு கண் வெச்சுக்குங்க, அடிச்சிடாதீங்கன்னு."

"அடிப்பாவி! என்னை மாட்டி விட்டியா?"

"பின்ன என்ன செய்யறது? அவ இருமுவா. உங்களுக்கு அது வரலை. மாட்டிக்கத்தான் வருது." துண்டுகளை ஒவ்வொன்றாக மண்ணில் படுக்கவைத்து, கணுவின் மேல் மண்ணை அழுத்தினாள். அழுத்திய கை அங்கேயே நின்றது. "மாட்டிப்பீங்கன்னு தெரியும். அழுவீங்கன்னு தெரியாது."

தொட்டி மண்ணில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. குனிந்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பரிசோதகர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இருமாமல், நெடுநேரம் காவல் காத்தார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தபோது, கணவனின் கடமை நினைவுக்கு வந்து ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவள் வாளியைப் பார்த்தாள். அழுகிக் கிடந்த மற்ற தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"அதை அப்படியே கீழ வெச்சிட்டு உள்ள போங்க. இனிமே தண்ணி நான் ஊத்திக்கறேன்."