மூக்குச் சான்றிதழ்

"ஹா" என்று சோதனைக்கு வந்திருந்த ஆள் முகத்துக்கு நேரே ஊதினார். மூக்கர் கண்ணை மூடி, நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, தாளில் பூஜ்யம் போட்டார். பூஜ்யம் என்றால் வாடையே இல்லை. ஐந்து என்றால் பக்கத்தில் நிற்க முடியாது.

உதவிக்கு இருந்த பெண் அவசரமாக ஜன்னலைத் திறந்தாள்.

"சார், இவரு இன்னும் கொப்பளிக்கவே இல்ல. நாம சொல்லித்தான் மூணு நாளா பல்லு தேய்க்காம வந்திருக்காரு."

மூக்கர் பூஜ்யத்தை அடித்துவிட்டு நான்கு போட்டார். போன வாரச் சளி மூக்கை இப்படிக் கொண்டுபோகும் என்று அவர் நினைக்கவில்லை.

எந்த மவுத்வாஷும் 'வாய் நாற்றம் போக்கும்' என்று பாட்டிலில் போட்டுக்கொள்ள ஒரு மனித மூக்கு சாட்சி சொல்ல வேண்டும். இருபது வருடமாக அது இவருடைய மூக்கு. கொப்பளித்த வாயை மட்டும் முகர்ந்தால் போதும் என்றிருந்தது. இந்த வாரம்தான் புதுச் சட்டம் வந்தது: கொப்பளிப்பதற்கு முன்னும் முகர வேண்டும்.

"வருஷத்துக்கு வருஷம் மருந்து நல்லாயிட்டே வருது" என்று அவர் மாநாடுகளில் பெருமையாகப் பேசுவார். அவர் பாஸ் போட்ட பாட்டில்கள் நாற்பது நாடுகளில் விற்றன. உலகச் சந்தை இரண்டு மடங்காகியிருந்தது.

அடுத்த ஆளுக்கு அவர் உதவிப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் மூக்கைச் சுளித்தால் நான்கு, புருவம் மட்டும் ஏறினால் இரண்டு. மத்தியானம் அவள் முகக்கவசம் மாட்டிக்கொண்டாள்.

வந்தவர்களையே கேட்டுப் பார்த்தார்.

"வாடை இருக்கா, உங்களுக்கே தெரியுதா?"

"எனக்கா? சேச்சே" என்றார்கள் எல்லாரும்.

வேறு வழியில்லாமல், முன்னால் எல்லாருக்கும் நான்கு, பின்னால் எல்லாருக்கும் பூஜ்யம் என்று போட்டுத் தள்ளினார். சாயங்காலம் மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"இவ்வளவு சுத்தமான முடிவ உலகத்துல யாரும் குடுத்ததில்ல. நாளைக்குக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரி வர்றாங்க. இனிமே எல்லா நாட்டுக்கும் உங்க மார்க்குதான் அளவுகோலாம். ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

மூக்கர் உட்கார்ந்து கடிதம் எழுதினார். 'சளியால் என் மூக்கு வேலை செய்யவில்லை. இந்த வார மதிப்பெண்களை மட்டும் ரத்து செய்யவும். நான் விலகிக்கொள்கிறேன்.' மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி கதவைத் திறந்தாள். வழக்கம்போல ஒரு நொடி அருகில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. வாசனை சோப்பு கிடையாது. கல்யாணமாகி வந்தபோது அவள் ஒரே ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தாள். "இந்த மூக்குதான் நமக்குச் சோறு போடுது" என்று சொல்லி, அதை யாருக்கோ கொடுக்க வைத்தார். அவளும் கொடுத்துவிட்டாள். இந்தப் பாழாய்ப்போன மூக்குக்காக ஒருத்தியை இருபது வருடம் வாசனையே இல்லாமல் வைத்திருந்தோமே என்று மனம் அடித்துக்கொண்டது. செருப்பைத் திரும்ப மாட்டினார்.

"வந்ததும் வராததுமா எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தோ, தெருமுனைக்குத்தான்."

தெருமுனை ஃபேன்சி ஸ்டோர்காரம்மாவுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

"வீட்டுல அவளுக்கு ஒரு சென்ட் வேணும்மா" என்றார். "இத்தன வருஷத்துல ஒண்ணு வாங்கிக் குடுத்ததில்ல. அவளுக்கு எது புடிக்கும்னுகூடத் தெரியாது."

கடைக்காரம்மா யோசிக்கவே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு நீல பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுதாண்ணே. பன்னெண்டு வருஷமா அக்கா மாசம் தவறாம இதத்தான் வாங்குறாங்க. தினமும் நீங்க வீட்டுக்கு வர்ற நேரம் பாத்துத்தான் போட்டுக்குவாங்களாம்."